இரண்டாம் பதிப்புக்கான பச்சை

தாளுக்கு ஒன்றரைக் காசு.
கடல் இருந்தால் கால் காசு கூட,
நீலம் காய நேரம் பிடிக்கும்.
கிழக்கே நான் போனதில்லை.
டாம்ராக் கால்வாயைத் தாண்டினால்
மாமியார் வீடு, அதோடு சரி.

முதல் பதிப்பில் அந்தத் தீவில்
ஒன்பது குடிசைகள் இருந்தன.
நடுவே ஜாதிக்காய் மரம்,
நிழலில் கூடையோடு ஒரு பையன்.
எனக்கு வாசிக்கத் தெரியாது.
அச்சுக் கோர்க்கும் டீர்க்
வணிகர் லீவன் எழுதியதைப் படித்துச் சொன்னான்:
"இவர்கள் நல்லவர்கள்.
கேட்குமுன் தண்ணீர் தந்தார்கள்.
துறையின் ஆழம் ஏழு பாகம்,
அடியில் மணல், நங்கூரம் நன்றாகப் பிடிக்கும்."
எல்லாம் ஒரே மூச்சில்.

பையன் என்ன நிறம் என்று கேட்டேன்.
பழுப்பு என்றான்.
எந்தப் பழுப்பு? ரொட்டியா, குதிரையா, பீப்பாயா?
அவனும் போனதில்லை.
எங்கள் வீட்டு மேசையின் நிறத்தைக் கொடுத்தேன்.

பதினோரு வருஷம் கழித்து
அதே தகடு திரும்பி வந்தது.
செதுக்குகிறவர் குப்புறப் போட்டு
முதுகில் சுத்தியலால் தட்டினார்.
புரட்டினார், சுரண்டினார்,
எண்ணெய் விட்டுத் தேய்த்தார்.
செம்பு எதையும் தாங்கும்.
குடிசைகள் இருந்த இடத்தில்
ஐந்து முனையோடு ஒரு கோட்டை,
கொடி, கொடிக்குக் காற்று.
அங்கே என்ன ஆயிற்று என்றேன்.
"திருத்தம்" என்றார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பையனை எடுத்தவர்
பாதங்களை விட்டுவிட்டார்.
மரத்தடியில் மயிரிழைக் கோடாய்
ஆளில்லாமல் நின்றன இரண்டும்.
முதல் தாளிலேயே பார்த்தேன்.
சொன்னால் தகடு மறுபடி பட்டறைக்குப் போகும்,
என் வாரக்கூலியும் கூடவே போகும்.
புல் வரைந்தேன்.
நானூறு தாள்,
எண்ணூறு பாதம்,
அத்தனை மேலும் பச்சை.
அந்தத் தீவில் புல் உண்டோ இல்லையோ,
இருப்பதெல்லாம் நான் வளர்த்தது.

அந்தப் பச்சையும் செம்புதான்.
காடி ஊற்றி மூடிவைத்தால்
மூன்று வாரத்தில் பூக்கும் களிம்பு.

நேற்று யாரோ
கட்டுப் பிரிந்த பிரதி ஒன்றைத்
தைக்கக் கொண்டுவந்தார்கள்.
நீலம் அப்படியே இருக்கிறது.
கோட்டைச் செங்கல் கொஞ்சம் மங்கல்.
தாளைச் சன்னலுக்கு நேரே தூக்கினேன்.
களிம்பு காகிதத்தைத் தின்றிருந்தது,
மரத்தடியில் இரண்டு ஓட்டை.
வெயில் அவற்றின் வழியே இறங்கி
என் மேசைமேல் நின்றது.

தாளின் பின்பக்கம் வணிகரின் எழுத்து.
எந்தச் சொற்கள் போயின என்று கேட்கலாம்.
டீர்க் போன குளிர்காலத்தில் செத்துப்போனான்.