பெட்டியோடு வந்த விசிறி

உத்தரவாதம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்
கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து
ஆழ்வார்குறிச்சி பஸ்ஸில் வந்தாள் பரமகல்யாணி.
ப்ளெக்ஸ் கடைக்காரி.
பூப்புனித நீராட்டுக்கு மயில்,
கண்ணீர் அஞ்சலிக்கு மேகம்,
கடையம் வரைக்கும் அவள் அனுப்புவதுதான்.

"மாப்பிள்ளை படத்தை வெட்டிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி,
பாதிக் கழுத்துல அணைஞ்சு போச்சு.
இது நாலாவது மாப்பிள்ளை."

மூடியைத் திறந்தேன்.
ப்ராசஸர் மேல் தடவிய பசை
வைகாசி மாத நயினார்குளத்துக் கரம்பையாய்
பொருக்கு விட்டுக் கிடந்தது.
சுரண்டித் துடைத்து, புதுப் பசை பயறளவு வைத்து
ஓடவிட்டேன்.
அறுபது.
எழுபத்தெட்டு.
தொண்ணூற்றொன்று.
நூறில் கண்ணை மூடிக்கொண்டது,
ஒரு படத்தைக்கூடத் திறக்காமல்.

கம்பெனிப் படிவம் ஆறு பக்கம்.
"இயல்பான அறை வெப்பத்தில் பயன்படுத்தினீர்களா?"
வண்ணார்பேட்டையில் அன்று நூற்றாறு டிகிரி.
அது செய்தி வாசிப்பவர் கணக்கு, சில்லுக்கு வேறு கணக்கு.
என் கடைச் சுவரில் கை வைத்தால்
சுவர் திருப்பிக் கை வைக்கிறது.
கேள்வியை எழுதியவருக்கு ஜன்னலுக்கு வெளியே
மழை பெய்துகொண்டிருந்திருக்கும்.
"ஆம்" என்று டிக் அடித்தேன்.
பொய்யில்லை. எங்களுக்கு இதுதான் இயல்பு.

அடுத்ததில் மாட்டிக்கொண்டேன்.
"பெட்டியோடு வந்த விசிறியையும் சேர்த்து அனுப்பவும்."

போன சித்திரையில்
மாவு மில் மாதிரி இரைகிறதென்று அவள் சொன்னதால்
அதைக் கழற்றிவிட்டுப் பெரிதாய் ஒன்று மாட்டியது நான்.
பாதிக் காசுதான் வாங்கினேன்.
நல்ல மனுஷன் என்ற நினைப்பு
இரண்டு நாள் இருந்தது.

டப்பாக்களைக் கவிழ்த்தேன். மேஜைக்கடியில் படுத்துத் தேடினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
துண்டை நாலாய் மடித்தாள்,
பிறகு எட்டாய்.

பொழுது சாயும்போதுதான் நினைவு வந்தது.
பாலத்தடியில் சோளக்கதிர் சுடும் உச்சிமாகாளி
ஓலை விசிறியால் வீசி வீசித் தோள்பட்டை போச்சு என்றான் ஒருநாள்.
பழைய பைக் பாட்டரி, இரண்டு வயர், அந்த விசிறி.
நானே கோர்த்துக் கொடுத்தது.

போனேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.
விரல்நகமளவு சில்லின் சூட்டை இறக்கச் செய்தது
ஒரு சட்டிக் கரியைச் சிவக்க வைத்துக்கொண்டிருந்தது.
இரைச்சலே இல்லை.

"என்னவே, குடுத்தத திருப்பிக் கேக்கீரு?"
வேறொன்று மாட்டிக் கொடுத்தேன்.
"பழசு மாதிரி வராது" என்றான்,
முதல் கதிரைப் புரட்டும் முன்பே.

பல் தேய்க்கும் பிரஷால் இரவு பத்து மணி வரை தேய்த்தேன்.
இறக்கையில் சாம்பல், இடுக்கில் உப்பு,
மிளகாய்த்தூள், எலுமிச்சம் பிசுக்கு.
ஒட்டியிருந்த சீட்டில் எண் தெரிந்தது,
கடைசி இரண்டு இலக்கம் தவிர.
நல்லவேளை, பெட்டியை அவள் வைத்திருந்தாள்,
பில்லோடு, அரிசி டிரம்முக்குப் பின்னால்.
மறுநாள் கூரியர்.

எட்டாம் நாள் மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள்.
பில் தேதி சரி என்றாள். பெட்டி எண் சரி என்றாள்.
கொஞ்சம் தயங்கினாள்.
"சார், தப்பா எடுத்துக்காதீங்க.
இந்த விசிறில ஏன் சுட்ட சோள வாசனை வருது?"

எதிரே ஸ்டூலில் பரமகல்யாணி.
அவள் செல்போனில் நாலாவது மாப்பிள்ளை வீட்டார்
விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊர் வெயில் அப்படி மேடம்" என்றேன்.

மறுமுனையில் பேச்சில்லை.
யாரோ எதையோ
தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும்.