கழிவுப் பட்டியல்

காலாப்பட்டு சட்ட நூலகத்தில்
மாத அறிவிப்பு ஒட்டினேன்:
தீர்ப்புத் தொகுப்புக்குப் புதுக் கடவுச்சொல்,
நியாய சன்ஹிதா மூன்று படி,
சனிக்கிழமை ஏசி ஓடாது,
பழம்பதிப்புகள் கழிக்கப்படும்.

உப்புக்காற்றில் துருவேறிய அலமாரி
ஒவ்வொன்றையும் விட்டுத்தரும்போது முனகியது.
தள்ளுவண்டி நிறைந்துவிட்டது.

பதினோரு மணிக்கு
முத்தியால்பேட்டையிலிருந்து வந்தாள் ஔரேலி சவரிராயன்.
கையில் வக்கீலின் துண்டுச்சீட்டு.
கொள்ளுத்தாத்தா ஒரு தாளில் கையெழுத்திட்டு
சாதி வழக்கம் துறந்து
பிரெஞ்சுச் சட்டத்துக்குள் குடிபோனவராம்.
இன்று அண்ணன்கள் மூவர், ஒரே வீடு,
இவளுக்கு மாடிப்படி கூட இல்லையாம்.

"பாரிஸில் திருத்திய புதுசே இருக்கு," என்றேன்.
நான்கு நொடியில் திரையில் வந்தது.

"அது எங்களுக்கு ஆகாது சார்.
அவங்க மாத்தினது அவங்களுக்கு.
எங்களுக்கு அறுபத்திரண்டில் இருந்ததுதான்."

வண்டியின் அடியில் கிடந்தது,
சிவப்பு அட்டை, முதுகெலும்பு இல்லை.
எழுநூற்று நாற்பத்தைந்தாம் பிரிவு:
பெற்றோர் சொத்து பிள்ளைகளுக்கு,
ஆண் பெண் பேதம் இன்றி.
அந்த 'இன்றி'யைத்தான்
பூச்சி தின்றிருந்தது.
பேதத்தைத் தொடவில்லை.

"பென்சிலால் எழுதித் தரட்டுமா?"

"ஐயோ வேணாம் சார்,
எதிர்க்கட்சி வக்கீல் பார்த்தா அவ்வளவுதான்.
ஓட்டையோடவே கொடுங்க."

ஜெராக்ஸில் ஓட்டை கருப்பாய் விழுந்தது.
இரண்டு பக்கம், நான்கு ரூபாய்,
மேலே நூலக முத்திரை.
சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
எதிர்ப்புறம் கடலூர் பஸ்ஸின் தூசியில் நின்றாள்,
உறையை மடிக்காமல் பிடித்தபடி.

அறிவிப்பின் கடைசி வரியை அடித்தேன்.
வண்டியை அலமாரிப் பக்கம் திருப்பினேன்.
ஒரு சக்கரம் மட்டும்
வாசலுக்கே இழுத்தது.