நடுச்சுவர்

படிவத்தில் இரண்டு கட்டங்கள்.
ஒரே வகுப்பு. வேறு வேறு வகுப்பு.
வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள் என்றார் மதாம் ஓவாரோ.
திங்கள் முதல் அது ஃபிரிட்ஜ் கதவில்
வாழைப்பழக் காந்தத்தின் கீழ் தொங்குகிறது.
பால் எடுக்கும்போதெல்லாம்
என்னைப் பார்க்கிறது.

ஃபாப்ரிஸுக்குச் சந்தேகமே இல்லை.
சேந்தாந்த்ரே ஆலையில், எடைமேடையில் வேலை.
ஆகஸ்டு, வெட்டு நடக்கும் காலம்.
சட்டையெல்லாம் சாறு புளித்த வாடையோடு வந்து
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொல்கிறான்:
"இரண்டு பேர் கரும்பை ஒன்றாகப் போட்டு நிறுப்போமா?
ஒவ்வொரு வண்டியிலும் குத்தியெடுத்துத்
தனித்தனியாகச் சாறு பார்க்கிறோம்.
கலந்து அளந்தால்
யார் இனிப்பு யார் கணக்கில் ஏறும்?"

பிள்ளைகள் கரும்பா என்றேன்.
சோற்றில் அவரைக் குழம்பை ஊற்றிக்கொண்டான்.

என் கணக்கு வேறு.
தடுப்பூசி போட்ட அன்று
ஊசி ஏறியது மருதாவின் தோளில்.
"வலிக்கலையாம்" என்றவள் செவ்வந்தி.
பசிக்குதாம். ஒன்றுக்கு வருதாம்.
அந்த நாய் வேண்டாமாம்.
பதினோரு நிமிடம் மூத்தவளின் மூன்று வருஷமும்
ஒரு 'ஆம்' ஒட்டிக்கொண்டு
இளையவள் வாய் வழியாகத்தான்
எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என்னிடம் காரைக்கால் தமிழ்,
அப்பாவிடம் கிரியோல்,
இனிமேல் பள்ளியில் பிரெஞ்சு.
இரண்டில் பேசாதவள் மூன்றாவதிலா பேசப்போகிறாள்?
அடுத்த அறையில் தங்கை இருந்தால்
யார் கையைத் தூக்கிச் சொல்வது,
மதாம், இவளுக்கு வருதாம் என்று?

ஒரே வகுப்பு.
பேனாவைத் தேடினேன்.
அது பரணில் ஏறி ஒளிந்ததுபோல் கிடைக்கவில்லை.

புதன் இரவு. தூறல். தயிர்சாதம்.
"மருதாவுக்குப் புளிக்குதாம்" என்றாள் செவ்வந்தி.
சும்மாதான் கேட்டேன்:
"உனக்கு?"

வாயில் சோறு அப்படியே நின்றது.
திரும்பி
அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.
எவ்வளவு நேரம் பார்த்தாள்,
கடைக்கு எடுத்துப் போன சீட்டைத்
தொலைத்துவிட்ட பிள்ளை மாதிரி.

பேசாதவளுக்காகவே இத்தனை நாள் பயந்திருந்தேன்.

அன்று தூக்கம் வரவில்லை.
சேன் தெனி மருத்துவமனையின் ஸ்கேன் அறை ஞாபகம் வந்தது.
டாக்டர் திரையில் விரல் வைத்தார்:
இது ஒன்று. இதோ மற்றது.
நடுவில் வெங்காயத்தோல்போல ஒரு கோடு தெரிகிறதா?
நல்லது, தடுப்பு இருக்கிறது.

ஒரே வயிறு, ஒரே வயிறு என்று
நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
அவர்கள் அன்றைக்கே
பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள்.

வியாழன் காலை, பால் எடுத்த கையோடு
கண் மையால் ஒரு கட்டத்தில் கோடு போட்டேன்.
"பார்த்தாயா" என்றான் ஃபாப்ரிஸ்.
"கரும்புக்காக இல்லை" என்றேன்.

இது மூன்றாவது வாரம்.
இரண்டு வகுப்புக்கும் நடுவே பலகைச் சுவர்,
மஞ்சள் பெயிண்ட், அதில் வரிசையாக நத்தைகள்.
"மதியத் தூக்க நேரத்தில்
சுவரைத் தட்டும் சத்தம் கேட்கிறது" என்றார் ஆயா.
எனக்கு அடிவயிறு கரைந்தது.
எந்தப் பக்கத்திலிருந்து, யார், மருதாவா?
"ஐயோ இல்லை, லூக்கா.
அவன் எதைக் கண்டாலும் தட்டுவான்.
உங்கள் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள்,
இங்கே ஒன்று, அங்கே ஒன்று."

சிரித்துவிட்டு வாசலுக்கு வந்தேன்.
செவ்வந்தி ஓடி வந்தாள், மருதா நடந்து வந்தாள்,
கையில் பிளாஸ்டிக் பை.
உள்ளே அவளுடைய நனைந்த பாவாடை.
இடுப்பில் யாருடையதோ நீல டவுசர்.
இந்த வாரம் இது இரண்டாவது தடவை.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
செவ்வந்தியும்
ஒன்றும் சொல்லவில்லை.

டவுசரைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.
காய்ந்தால் நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.