எட்டு நிமிட நோயாளி

காலை ஒன்பதுக்கு நான் திரு. குணாளன்.
வயது ஐம்பத்தாறு. கொண்டோ வாசலில் காவல் வேலை.
மூன்று மாதமாக ரத்த அழுத்தம் இறங்கவில்லை.
தாளில் அப்படித்தான் இருக்கிறது.
எட்டு நிமிடம், பிறகு மணி.
அடுத்த மாணவர் கதவைத் தட்டுவதற்குள்
நான் மறுபடி புதிதாக நோய்ப்பட வேண்டும்.

கென்ட் ரிட்ஜ் மேட்டில், நான்காம் மாடியில், வரிசையாகக் கதவுகள்.
எதிர் அறையில் மேடம் ரொஸ்னா
ஏழரையிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.
இடைவேளையில் இரண்டு கறிபாப் தின்றுவிட்டு
மறுபடி பிடித்துக்கொள்வார்.

"மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால்
"சாப்பிடுறேன்" எனச் சொல்லிக் கண்ணைத் தாழ்த்தவும்.
இரண்டாம் முறை கனிவாகக் கேட்டால் மட்டும்
"சில நாள் மறந்துடுவேன்" எனலாம்.
மறதி.
தாளுக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

எனக்கோ மறதியே கிடையாது.
மற்ற நாளெல்லாம் டாக்சி ஓட்டுகிறேன்.
எந்தக் கோப்பிக்கடையில் கழிவறைக்கு இருபது காசு,
எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்க வேண்டும்,
தீவு முழுக்க மனப்பாடம்.
நீர் மாத்திரை போட்டால் பத்து மணிக்குள் மூன்று தடவை.
விரைவுச்சாலையில், பின் இருக்கையில் சாங்கிக்குப் பறக்கும் குடும்பம்,
எங்கே நிறுத்த?
அதனால் ஞாயிறு மட்டும்.
மிச்சமெல்லாம் சமையலறையில் ஒரு மைலோ டின்னில்.
பலதுறை மருந்தகத்தில் தாதி கேட்கும்போது
நானும் கண்ணைத் தாழ்த்துவேன்.
அங்கே அதற்குச் சம்பளம் இல்லை.

முதலாமவன் கையை இரண்டு முறை கழுவினான்.
மூன்றாமவள் மூளையை வரைந்து
பக்கவாதம் வரும் பாதையைக் காட்டினாள்.
குணாளன் பயந்தான்.
நான் பயப்படவில்லை, அந்தப் படம் மருந்தகச் சுவரிலும் இருக்கிறது.
ஒருவன் "புரியுது, கஷ்டமாத்தான் இருக்கும்" என்றான்,
கடிகாரத்தைப் பார்த்து.
மூலையில் தேர்வாளர் ஒவ்வொன்றுக்கும் சரி போட்டார்.

பதினொன்றாவது ஜியா யிங்.
கை கழுவவில்லை. ஒவ்வாமை கேட்கவில்லை.
ஸ்டெதாஸ்கோப்பில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்:
"மாத்திரை போடுற நாள் எப்படிப் போகும்?
காலையிலேர்ந்து சொல்லுங்க."

தாளில் இதற்குப் பதில் இல்லை.
குணாளனுக்கு வாய் திறந்தேன்.
"மூத்திரம்" என்று வந்தது.
"வண்டியை நிறுத்த இடமில்லை" என்றும் வந்தது.
தேர்வாளர் தலை நிமிர்ந்தார்.
குணாளனுக்கு ஏது வண்டி?
அவன் கழிவறை ஐந்தடி தூரத்தில்.
அவளுக்கு அது தெரியாது. எழுதிக்கொண்டாள்.
"எத்தனை மணிக்கு வண்டியை ஒப்படைப்பீங்க?"
"சாயங்காலம் அஞ்சு."
"அப்ப மாத்திரையை நாம..."

மணி.

அவள் பேசியது ஆங்கிலம்.
அதில் 'நாம்' வேறு 'நாங்கள்' வேறு கிடையாது,
எல்லாருக்கும் ஒரே கதவு.
என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டது என் காதுதான்.

"தாளை விட்டு விலகாதீங்க அங்கிள்," என்றார் தேர்வாளர்,
"மற்றவங்களுக்கு அநியாயம்."
நியாயம்தான்.
அவளுடைய பட்டியலில் ஐந்து கட்டங்கள் காலி.
எனக்கென்று அடியில் ஒரே ஒரு கட்டம் உண்டு:
இவரிடம் மறுபடி வருவீர்களா, ஒன்றிலிருந்து ஐந்து வரை.
யார் வருவது, குணாளனா?
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
ஐந்து போட்டேன்.
அது மொத்தத்தில் எவ்வளவு கணக்காகும் என்று
ஒருமுறையும் சொன்னதில்லை.

பன்னிரண்டாமவன் தட்டினான்.
"சில நாள் மறந்துடுவேன்" என்றேன்,
கண்ணைத் தாழ்த்தி, எழுதியிருந்தபடி.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அந்த வாக்கியத்தை
மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.
கிளமெண்டி தாண்டும்போது மூத்திரம் முட்டியது.
மாத்திரை போடாத நாள்.