நிபந்தனை நிகழ்தகவு

கலட்டி ஒழுங்கையில் மஞ்சள் கேற் போட்ட வீடு.
மதிலோடு எட்டுச் சைக்கிள்
ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும்.
மேல்மாடியில் எட்டு அக்காமார்.
வெள்ளிக்கிழமை இடியப்பமும் சொதியும்,
சனிக்கிழமை கரம்போட்,
மாதம் ஒருக்கா தாங்களே எழுதி ஒட்டுகிற சுவர்ப்பத்திரிகை
(கிழிக்கச் சொல்லி உத்தரவு வந்த இதழ்களுக்குக் கூட மதிப்பு).
ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால்
ஏழு பேர் விரிவுரைக்கு வரமாட்டினம்.

ஆனியில் நிலோஜினி அக்கா பட்டத்தோடு போக
மதிலில் ஒரு சைக்கிள் அகலத்துக்கு
வெளித்துக் கிடந்தது.
கம்பஸ் போகும்போதும் வரும்போதும்
அந்த வெறுஞ் சுவரைத்தான் பார்ப்பேன்.
பாசி எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியும்.

யதுகுலா அக்கா நேரே சொன்னா:
"ஊர், சாதி, சமயம் ஒண்டும் நாங்கள் கேக்கிறேல்ல.
ரிப்பீற் இருக்கக்கூடாது.
இரண்டு தசம் ஏழுக்குக் கீழ போகக்கூடாது.
இந்த வீட்டால பிள்ளை கெட்டுப்போச்சு எண்டு
நாளைக்கு ஒருத்தரும் சொல்லப்படாது."

என்னுடையது
இரண்டு தசம் ஆறு நாலு.

ஏ.எல்லில் தமிழில் பழகின நிகழ்தகவு
இங்கே இங்கிலிஷ் உடுப்புப் போட்டு வந்து
என்னைத் தெரியாத மாதிரி நின்றது.
போன தவணை ஒரு சீ.
இந்தமுறை பீ எடுத்தால் கரை சேரலாம்
என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
பதினொரு தரம் கணக்குப் பார்த்தேன்.
அந்த நேரத்துக்கு ஒரு பாடம் படித்திருக்கலாம்.

பிறகு என் கையெழுத்து வடிவு என்று கண்டுபிடித்தார்கள்.
புரட்டாதி இதழ் முழுக்க என் கை.
மூன்று இரவு.
தலைப்புக்குச் சிவப்பு, கவிதைக்கு நீலம்,
கட்டுரைக்கு இடம் காணாமல் எழுத்தைச் சிறுப்பித்து...
பேசாலையில் இருந்து அம்மா எடுத்தா.
"படிக்கிறியா?"
விரல் இடுக்கில் கோந்து.
"ஓமம்மா."
அது பொய்யுமில்லை. வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்,
பெண்கள் விடுதிக் குழாயில் தண்ணி வராதது பற்றி
மெரிஸ்ரெலா அக்கா எழுதின எட்டுப் பந்தி.
அவ்வளவு சிரிப்பு நான் சிரித்ததேயில்லை.

சோதனை மண்டபம்.
ரிப்பீற்காரருக்குக் கடைசி வரிசை.
விடைத்தாள் வாங்கத் திரும்பினபோது கண்டேன்:
சுட்டெண் மேல் பென்சில் பெட்டியை வைத்து மறைத்தபடி
யதுகுலா அக்கா.
என்னைப் பார்த்தா.
பிறகு மின்விசிறியைப் பார்த்தா,
அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.

மூன்றாம் கேள்வி.
ஒரு பெட்டியில் எட்டுப் பந்துகள், மூன்று நீலம்.
ஒரு வெள்ளைப் பந்து எடுக்கப்பட்டு,
திருப்பி வைக்கப்படவில்லை.
அடுத்தது நீலமாக இருப்பதற்கு?

எனக்குக் கை ஓடவில்லை கொஞ்ச நேரம்.
கோபமா, ஆறுதலா,
இல்லை கையில் ஒரு துருப்பு விழுந்தவளின் கள்ளச் சந்தோசமா,
எது என்று பிரித்தறிய
சூத்திரம் ஒன்றும் தரப்படவில்லை.

வெளியே பாக்கு மர நிழலில்
சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டா:
"மூண்டாவதுக்கு என்ன வந்தது?"
"ஏழில் மூண்டு."
"எனக்கு எட்டில மூண்டு."
"திருப்பி வைக்கேல்ல எண்டு போட்டிருந்ததே, அக்கா."
"ஓ."
ஒரு கால் மிதியில், ஒரு கால் நிலத்தில்,
கனநேரம் அப்படியே நின்றா.
சொல்லாதே என்று அவ சொல்லவில்லை.
சொல்லமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை.

பெறுபேறு தையில்தான் வரும்.
இது ஐப்பசி. வெள்ளிக்கிழமை. நல்ல மழை.
சொதிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.
நான் எதிர் மதிலோடு சைக்கிளைச் சாய்க்க,
கரண்ட் நின்ற ஒழுங்கைக்குள் கேற் திறந்தது.
யதுகுலா அக்கா இறங்கி வந்து
தன் சைக்கிளை ஒரு சாண் அரக்கி வைத்தா.

இடம் கூடினதா, குறைந்ததா?
இருட்டில் தெரியவில்லை.
"வா, ஆறப்போகுது" என்றது மட்டும் கேட்டது.