வரவுப் பக்கம்

பள்ளிக்கூடக் கொப்பிதான்.
எண்பது பக்கம், அட்டையில் ஒரு முயல்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு.

தராசில் கழிக்கிற இரண்டு கிலோ
யாருக்குப் போகிறது என்று கேட்டோம்.
பதினேழு பேருக்கு வேலை நின்றது.

முதல் வரி: மனு தட்டச்சு.
இரண்டாவது: கடிதங்கள் போட்டோ கொப்பி.
மூன்றாவது லோயர்.
அதை எழுதும்போது சரோஜினி
என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து
சைபர்களை எண்ணினாள்.

எக்கநாயக்க ஐயா கெட்டவர் இல்லை.
பதினேழு மனுவையும் ஒரே கட்டாக விளங்கினால்
செலவு மிச்சம் என்றார்.
பாதி இப்போது, மீதி தீர்ப்புக்குப் பிறகு.
கார் மட்டும் தீர்ப்பு வரை பொறுக்காதே,
அதுக்குப் பெற்றோல் வேணுமே என்று சிரித்தார்.
பெற்றோலுக்கு ஒரு வரி.

வேலை இருந்தவரை
சந்தா ஒழுங்காகப் பிடிபட்டது.
வேலை நின்றபின்
தலைவர்தான் பிடிபடவில்லை.

இப்போது மரக்கறித் தோட்டங்களில் கைக்காசு.
சனிக்கிழமை, ஆளுக்கு இருநூறு.
அங்கம்மா இருபது ரூபாய்க் குற்றிகளாய்த் தருவாள்,
லீக்ஸ் மண்ணோடு.
மாரியாயி இரண்டு மாதம் கடன்.
மூன்றாம் மாதம் ஒரு சேவலைக் கொண்டுவந்து
என் வாசலில் கட்டினாள்.
சேவலை எந்தப் பக்கம் எழுதுவது?
வரவில் எழுதினேன்.
அது தின்கிற அரிசியைச் செலவில்.

ஒரு தவணை, துரைக்குச் சுகமில்லை.
ஒரு தவணை, பைலைக் காணோம்.
ஒரு தவணை, பாதையில் மண் சரிந்து
நோர்வூட்டிலிருந்து நடந்தே அட்டன் போனோம்.
கூப்பிட்டார்கள். இரண்டு நிமிசம். வேறு நாள்.
நாலு பேர் கூலி போனதை எழுதக்
கொப்பியில் கோடு இல்லை.
எழுதுங்க பிள்ளை, என்றார் ஐயா,
பஸ் டிக்கட்டைக்கூட எறியாதீங்க.
சோற்றுப் பருக்கையால் ஒட்டினேன்.
கொப்பி அதன்பின் மூடவே இல்லை.

ஏழாம் தவணைக்கு முன்
பூங்காவனம் செத்துப்போனாள்.
கருமாதி முடிந்த சனிக்கிழமை
அவள் மகன் வந்து இருநூறு நீட்டினான்.
பெயரை வெட்டவா என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாம் தவணை.
மறுபடியும் அவர்கள் நாள் கேட்டார்கள்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
இவர்கள் வந்துபோக என்ன செலவு?
ஐயா என் கொப்பியை நீட்டினார்.
அந்தப் பெரிய மேசையில் முயல்.
அவர் பக்கம் பக்கமாய்ப் போனார்.
சேவல் வந்த வரியில்
கொஞ்சம் நின்றார்.

நாள் கொடுத்தார்.
நாளுக்கு விலையும் போட்டார்:
நாலாயிரத்து ஐந்நூறு, கம்பெனி கட்டவேண்டும்,
இன்றே, எங்கள் கையில்.

நாலு பேர் கூலிக்கே காணாது அது.
ஆனாலும் அவர்களுடைய லோயர்
மூன்று தரம் எண்ணிக் கொடுத்தார்.
நான் நாலாம் தரம் எண்ணினேன்.

பஸ்ஸில், வளைவுக்கு வளைவு பேனை ஓட,
இடப்பக்கம் எழுதினேன்:
கம்பெனி, 4500.
கோணல் எழுத்து.
திருத்தவில்லை.

அடுத்த தவணை மார்ச் பதினொன்று.
சேவலை விற்கச் சொல்கிறார்கள்.
இன்னும் விலை படியவில்லை.