இடிவேந்தன், நூறு மில்லி

படம் வருமுன்னே மணம் வந்தது.
பங்குனியில், களியக்காவிளைக்கு,
வாழைத்தார் ஏற்றிவந்த மினி லாரியின் மூலையில்
நாற்பத்தெட்டு புட்டி. கூடவே
ஆறடி அட்டையில் சாகரன்,
வலது மணிக்கட்டை நீட்டியபடி,
யாரோ நாடி பார்க்க வரப்போவதுபோல.
முழங்காலுக்குக் கீழே: தீபாவளி வெளியீடு.

என் வேலை மணிக்கட்டுகள்.
ஷீபா ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நின்று
போகிற வருகிற கையைப் பிடித்து
ஒரு தடவை பீய்ச்ச வேண்டும். இரண்டு கூடாது.
முதலாளி ஜெபராஜ் உள்ளிருந்து எண்ணுவார்.
பாறசாலைக்கு பஸ் ஏறுகிறவர் கையில்
ரப்பர்பால் காய்ந்து தோலாய் உரியும்.
ஒரு கன்னியாஸ்திரீ முகர்ந்து, விலை கேட்டு,
சிரித்துக்கொண்டே போனார்.
மீன்காரி லூர்தம்மாள் கையை நீட்டி
"எனக்கச் சாளைய இது ஜெயிக்குமா பாப்பம்" என்பாள்.
ஜெயித்ததில்லை.

சென்னையிலிருந்து வந்த கம்பெனிப் பையன்
பாடம் நடத்தினான்.
முதலில் எலுமிச்சை, பத்து நிமிஷம்.
அப்புறம் ஏலமும் மிளகும்.
கடைசியில் சட்டையில் தங்குவது தேவதாரு.
அவன் போனபிறகு நாங்கள் கதை பிடித்தோம்.
எலுமிச்சை என்றால் அறிமுகச் சண்டை.
மிளகில் இடைவேளை.
"தேவதாருன்னா ஹீரோ செத்துருவான்" என்றான் பெல்வின்,
ரசிகர் மன்றச் செயலாளர், பாதிநாள் லாரி டிரைவர்.
"சாவமாட்டான். மலையேறிப் போவான்" என்றேன்.
அதற்கு ஒரு வாரம் பேசாமலிருந்தான்.

தீபாவளி பொங்கலானது.
பொங்கல் மேல் சித்திரையை ஒட்டினோம்.
ஸ்டிக்கர்மேல் ஸ்டிக்கராக
சாகரன் முழங்காலில் சின்ன வீக்கம்.
பெல்வின் மட்டும் தயாராகவே இருந்தான்.
எல்லைக்கு அந்தப் பக்கம்
கோழி கூவுமுன் முதல் காட்சி;
இந்தப் பக்கம் ஒன்பது மணி.
வேறு எவர் படமென்றாலும் அவன் பையன்கள்
இருட்டில் பைக்கில் செக்போஸ்ட் தாண்டுவார்கள்,
இடிவேந்தனைப் பூசிக்கொண்டு.
போலீஸ்காரர் டார்ச் அடிக்காமலே
"சாகரன் ஆளுவளா, போங்கல" என்று விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தயாரிப்பாளர் விலகினார்.
நாயகி தேதிகளை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்.
இயக்குநர் வெப் சீரிஸ் எடுக்கப் போனார்.
இஞ்சிவிளை லாட்டரிக் கடைக்காரர்தான்
சிகரெட் வாங்க வந்தபோது சொன்னார்,
விழாத நம்பரைச் சொல்கிற அதே குரலில்.

ஆடியில் சாகரன் வேறொரு புட்டியோடு வந்தார்.
நீலம். மூடி வெள்ளி. மும்பைக் கம்பெனி.
மணிக்கட்டு அதேதான்.
"இதுதான் நான்" என்கிறார்.
முகர்ந்து பார்த்தோம்.
வெள்ளரிக்காய்.

எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது நானூறானது,
நூற்றைம்பதானது,
ஓணத்துக்கு இரண்டு சோப்பு எடுத்தால் இலவசம்.
லூர்தம்மாள் நாலு சோப்பு எடுத்தாள்.
அட்டைச் சாகரனை ஒரு ராத்திரி
மழையில் மறந்துவிட்டோம்.
நீட்டிய கை ஊறிப் பருத்துத் தொங்கியது.
பெல்வின் வந்து
தோளில் சாய்த்துத் தூக்கிப் போனான்,
குடித்தவனை வீட்டில் சேர்ப்பதுபோல.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் சில சாயங்காலங்களில்
படந்தாலுமூடு தாண்டும்போது
பஸ் கூட்டத்துக்குள் எங்கிருந்தோ
எலுமிச்சை எழும்.
யாரென்று திரும்பிப் பார்ப்பதில்லை.
கம்பியைப் பிடித்தபடி நிற்பேன்.
கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போடுவார்.
குழித்துறைப் பாலத்தில் மிளகு வரும்,
ஆற்றுக் காற்றில் கொஞ்சம் ஏலம்.
தேவதாருவுக்கு இன்னும் அரைமணி நேரம் வேண்டும்.
அதற்குள் மார்த்தாண்டம்.
நான் இறங்க வேண்டும்.